முதலாளியின் மனைவியும் ஒரு தொழிலாளிதான்

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தின் ராவாங் கிளையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் திவ்யா போன மாதம் எனக்குப் போன் செய்தாள். வேலை நேரத்துக்கு வெளியே நடக்கும் விபத்துகளுக்கும் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு தருவதைப் பற்றி இப்போது பேச்சு அடிபடுகிறது அல்லவா, அதை மக்களுக்கு விளக்கச் அலுவலகத்தின் இளையவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்களாம். "அக்கா, நீங்க வந்து அரை மணி நேரம் பேசுங்களேன். இப்பல்லாம் எல்லாரும் கோரிக்கைய போன்லயே சப்மிட் பண்ணிடுறாங்க. நாங்க ஆளையே பாக்கிறதில்ல லா. நீங்கல்லாம் எப்படிச் செஞ்சீங்க?" என்றாள்.

போனேன், பேசினேன். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் சொல்ல வேண்டியது எதையுமே சொல்லவில்லை என்று தோன்றியது. சட்டப் பிரிவுகளைப் பற்றிப் பேசிவிட்டு மல்லிகாவைப் பற்றிப் பேசாமல் வந்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பரமேஸ்வரி. மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவள். அப்பா செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டர். ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை முடித்ததும் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது; கிராணி என்பார்கள். முதல் சில ஆண்டுகள் தட்டெழுத்து, கோப்பு அடுக்குவது, முகப்பில் உட்கார்ந்து "டாக்டர் குடுத்த எம்.சி. சீட்டு கொண்டாந்தீங்களா?" என்று கேட்பது என்று ஓடின. பிறகு பரீட்சை எழுதி, கோலசிலாங்கூர் கிளையில் விசாரணை அதிகாரியாக அமர்ந்தேன். விபத்தில் அடிபட்ட தொழிலாளி இழப்பீடு கேட்டால், அவர் உண்மையிலேயே வேலையில்தான் அடிபட்டாரா, யாரிடம் வேலை பார்த்தார் என்று போய் விசாரித்து எழுதுவது என் பொறுப்பு.

அங்கே எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் ரோஸ்லான். மலாயில் மரியாதையாக என்சிக் ரோஸ்லான் என்போம். சுங்கை புரோங்கில் நெல் விவசாயம் செய்த குடும்பத்துப் பிள்ளை. மெதுவாக நடப்பார், அதைவிட மெதுவாகப் பேசுவார். ஒரு வீட்டுக்குப் போனால் வாசலில் காலணியைக் கழற்றி ஓரமாக வைப்பார். தண்ணீர் கொடுத்தால் முழுவதையும் குடித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். "தண்ணீரை மிச்சம் வைத்துவிட்டுக் கேள்வி கேட்டால் போலீஸ்காரன் மாதிரி இருக்கும்" என்பார். அவர் பேசியது மலாயில். தமிழில் அவருக்குத் தெரிந்தது "சாப்பிட்டாச்சா?" ஒன்றுதான். அதை எல்லா நேரத்திலும் எல்லாரிடமும் கேட்பார்.

விசாரணை என்றால் என்னவென்று அவரிடம் நான் கற்றுக்கொண்டது முனியாண்டி அண்ணன் விஷயத்தில்.

முனியாண்டி அண்ணன் செம்பனைக் குலை வெட்டுபவர். நீளக் கம்பில் கட்டிய அரிவாளால் மட்டையை இழுக்கும்போது மேலிருந்து முள் விழுந்து கண்ணில் குத்திவிட்டது. பார்வை போய்விட்டது. அவரை வேலைக்கு வைத்திருந்த குத்தகைக்காரர் அவர் பெயரை எங்களிடம் பதியவே இல்லை. போய்க் கேட்டபோது, "அவன் எப்பவாச்சும் வருவான், போவான். என் ஆளு இல்லம்மா" என்று சொல்லிவிட்டார். சம்பளச் சீட்டும் கிடையாது, எழுத்தில் எதுவும் கிடையாது.

முதலாளி பதியாமல் விட்டாலும், சந்தா கட்டாமல் விட்டாலும் தொழிலாளிக்கு உரிமை போய்விடாது. அதுதான் எங்கள் சட்டத்தின் அழகு. தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு, முதலாளியிடம் பிறகு வசூலித்துக்கொள்வோம். ஆனால் அவர்தான் முதலாளி என்று நிரூபிக்க வேண்டும். எனக்கு வழி தெரியவில்லை. என்சிக் ரோஸ்லான், "நாளைக் காலையில் பெரட்டுக்குப் போவோம்" என்றார்.

வெளுப்பதற்கு முன்பே, ஆட்களைக் கூட்டி அன்றைய வேலையைப் பிரிக்கும் எஸ்டேட் பெரட்டுக் களத்துக்குப் போய், லோரிக்குப் பக்கத்தில் நின்றோம். ஆட்கள் வரிசையாக நின்றார்கள். குத்தகைக்காரர் பெயர் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு நிரை மரங்களைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அரைகுறை வெளிச்சத்தில் எங்களைக் கவனிக்கவில்லை. பாதியில் நிறுத்தி, "ஏண்டா, முனியாண்டி நெரைய இன்னைக்கி யாரு வெட்டுறது? ஒரு மாசமா காடாக் கெடக்கு. வருசக் கணக்கா அவன் வெட்டுன நெரடா அது!" என்று சத்தம் போட்டார்.

நான் என்சிக் ரோஸ்லான் காதில் மலாயில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மெதுவாக நடந்துபோய்க் குத்தகைக்காரருக்குக் கை கொடுத்தார். "சாப்பிட்டாச்சா?" என்றார்.

முனியாண்டி அண்ணனுக்கு இழப்பீடு மாதாமாதம் வரத் தொடங்கியது. அந்தக் குத்தகைக்காரரும் பிறகு தன் ஆட்கள் எல்லாரையும் பதிந்தார். அன்று பெரட்டிலிருந்து திரும்பும்போதே வேனில் எனக்கு ஒரே பெருமை. இழப்பீடு உண்டு என்ற கடிதம் தயாரானதும் அதை நானே கையில் கொண்டுபோய்க் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். என்சிக் ரோஸ்லான் வேண்டாம் என்றார். "ஆமாம் என்று சொல்லக் கடிதம் போதும். இல்லை என்று சொல்ல ஆள் போகணும்" என்றார்.

அந்த வார்த்தையின் எடை தெரிய எனக்கு இன்னும் சில ஆண்டுகள் ஆயின.

தஞ்சோங் காராங்கில் கால்வாயைத் தாண்டியதும் கடை வரிசையில் ஒரு மசாலா மில் இருந்தது. சுந்தரம் என்பவர் நடத்தினார். மலாய்க்காரர்கள் அரிசி கொண்டுவந்து மாவாக்கிக்கொண்டு போவார்கள். நம்மவர்கள் மிளகாய், மல்லி, மஞ்சள் கொண்டுவருவார்கள். கல்யாண சீசனில் வாசல் வரைக்கும் பை வரிசை நிற்கும். மூன்று பேருக்கு அவர் தவறாமல் சந்தா கட்டிவந்தார். அந்த மூவரில் ஒருத்திதான் மல்லிகா. ஒரு நாள் இயந்திரத்தின் பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அவள் வலது கை மாட்டிக்கொண்டது. மணிக்கட்டுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

விபத்து அறிக்கை ஒழுங்காக வந்தது. சந்தா பாக்கியில்லை. இதில் விசாரிக்க என்ன இருக்கிறது என்ற நினைப்போடுதான் மருத்துவமனைக்குப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க யாருண்ணே?"

"மில்லு நம்மளோடதுதாம்மா. சுந்தரம்."

"முதலாளியே வந்து பாத்துக்கிறீங்களா? பரவால்லயே."

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "என் வீட்டுக்காரிம்மா இது."

என் பேனா நின்றுவிட்டது. நம் பெண்களின் அடையாள அட்டையில் தகப்பன் பெயர்தான் இருக்கும். கல்யாணமானாலும் மாறாது. அதனால் இத்தனை ஆண்டுகளும் எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் இவள் முதலாளியின் மனைவி என்று தெரியவில்லை. அன்றைய சட்டப்படி முதலாளியின் மனைவியோ கணவனோ தொழிலாளி ஆக முடியாது. அவர்களுக்குப் பாதுகாப்பு கிடையாது. கட்டிய சந்தாவைத் திருப்பிக் கொடுப்போம், அவ்வளவுதான்.

சுந்தரம் அண்ணனைத் தாழ்வாரத்துக்கு அழைத்துவந்து மெல்லச் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"நான் திருட்டுத்தனமா ஒண்ணும் செய்யலம்மா. ரெண்டு பேருக்குக் கட்டுறோம், இவளும்தானே விடியக்காலையிலேருந்து நிக்கிறா, இவளுக்கும் கட்டுவோம்னு கட்டுனேன். நல்லதுன்னு நெனைச்சுத்தான் செஞ்சேன்."

"தெரியுதுண்ணே."

"அப்ப ஒண்ணு செய்யுங்க. வீட்டுக்காரின்னு எழுதாம விட்டுடுங்களேன். நீங்க கேக்கல, நான் சொல்லல. அந்தக் கையப் பாத்துட்டு வந்துதான் கேக்கிறேன்."

நான் கோப்பை மூடிக்கொண்டு கிளம்பினேன். எழுதாமல் விட முடியும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. வழி நெடுக அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அலுவலகம் வந்ததும் என்சிக் ரோஸ்லானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எழுது. இன்று மறைத்தால் ஒரு நாள் யாராவது கண்டுபிடிப்பார்கள். அன்றைக்கு அவளிடம் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார்கள். ஒரு கையோடு இருப்பவளிடம் போய் அதைக் கேட்க வேண்டுமா?" என்றார். பிறகு, "உள்ளதை எழுது. எழுதிவிட்டு, இந்த விதி சரியில்லை என்று நாம் நினைப்பதையும் கீழே எழுது. அதற்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார்.

அப்படியே எழுதினோம். எதிர்பார்த்த பதில்தான் வந்தது. கோரிக்கை ஏற்கப்படவில்லை. அவர் வேன் சாவியை எடுத்தார். நானும் எழுந்தேன்.

நாங்கள் போனபோது மில் ஓடிக்கொண்டிருந்தது. மல்லிகா கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கையில் வெள்ளைக் கட்டு. மிளகாய் நெடியில் எனக்குத் தும்மல் அடங்கவில்லை. அவள் இடது கையால் இரண்டு கிளாசில் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தாள். என்சிக் ரோஸ்லான் முழுவதையும் குடித்தார். சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்து மேசையில் ஓரமாக வைத்தார், இனி எழுத ஒன்றுமில்லை என்பது போல. பிறகு சொன்னார். சுற்றி வளைக்காமல், விதி என்ன, ஏன் இல்லை, மேல்முறையீடு எங்கே செய்யலாம், அதிலும் ஜெயிப்பது கஷ்டம் என்பது வரைக்கும் சொன்னார். நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மல்லிகா அழுவாள் என்று நினைத்தேன். அவள் இயந்திரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"மேடம், அந்தா நிக்கிற ரெண்டு பேரு கை மாட்டியிருந்தா குடுத்திருப்பீங்க. இல்லியா?"

"ஆமாக்கா."

"நானும் அவங்களும் ஒரே மெஷின்லதான் நின்னோம். மாட்டுறப்போ மெஷினுக்குத் தெரியுமா, நான் முதலாளி பொண்டாட்டின்னு?"

அதை மலாயில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கேட்டு முடித்ததும் என்சிக் ரோஸ்லான் அவளை நேராகப் பார்த்தார். "உங்கள் கேள்வி நியாயமானது. அதை மேலே அனுப்புவேன்" என்றார்.

சொன்னபடி அனுப்பினார். தன் அறிக்கையில் அவள் சொன்ன வார்த்தையை அப்படியே போட்டிருந்தார். அதோடு விடவில்லை. சமூகநல இலாகாவில் தனக்குத் தெரிந்தவர்களிடம் பேசி, செயற்கைக் கைக்கு ஏற்பாடு செய்தார். அளவெடுக்க மல்லிகாவையும் சுந்தரம் அண்ணனையும் எங்கள் வேனிலேயே கூட்டிப்போனோம். கை வந்ததும் மல்லிகா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அழகாத்தான் இருக்கு. கல்யாணத்துக்கு மாட்டிக்கிறேன். மொளகா அள்ள இது லாயக்கில்ல" என்றாள். அப்போதுதான் அவள் சிரித்ததை முதன்முதலாகப் பார்த்தேன்.

மேல்முறையீட்டிலும் கிடைக்கவில்லை. அதைச் சொல்லவும் நாங்கள்தான் போனோம்.

ஆண்டுகள் ஓடின. என்சிக் ரோஸ்லான் ஓய்வு பெற்று சுங்கை புரோங்குக்கே போய்விட்டார். எங்கள் வேலையோ விரிந்துகொண்டே போனது. நான் சேர்ந்தபோது கம்பெனியிலும் எஸ்டேட்டிலும் சம்பளம் வாங்குபவர்கள்தான் எங்கள் ஆட்கள். பிறகு டாக்சி ஓட்டுபவர்கள் வந்தார்கள். அவர்களைத் தொடர்ந்து சொந்தமாகத் தொழில் செய்பவர்கள், வெளிநாட்டுத் தொழிலாளர்கள், வீட்டு வேலை செய்பவர்கள், கடைசியில் இல்லத்தரசிகள் என்று ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் "இவங்களையும் சேத்துட்டாங்களா?" என்று அலுவலகத்தில் எங்களுக்கு ஒரு சந்தோஷம் வரும். இதை வெளியே இருப்பவர்கள் நம்பமாட்டார்கள். வேலை கூடுகிறதே என்று யாரும் முகம் சுளித்ததில்லை.

அப்படி ஒரு நாள் முதலாளியின் மனைவிக்கும் கணவனுக்கும் பாதுகாப்பு உண்டு என்ற சுற்றறிக்கை வந்தது. எங்கள் அறிக்கையால்தான் சட்டம் மாறியது என்று நான் சொல்லமாட்டேன். நாடு முழுக்க எத்தனையோ கிளைகளிலிருந்து எத்தனையோ மல்லிகாக்களின் கதை போயிருக்கும். ஆனாலும் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சந்தோஷத்தோடு கவலையும் இருந்தது. புதிய விதி இனிமேல் நடக்கும் விபத்துகளுக்குத்தான். போன கைக்கு எதுவும் கிடையாது. அதை யாரோ சொல்லி மல்லிகா தெரிந்துகொள்ளக் கூடாது. மதியமே தஞ்சோங் காராங்குக்குக் கார் ஓட்டினேன்.

மல்லிகா மிளகாய்த்தூளை நிறுத்துக்கொண்டிருந்தாள். பையின் வாயைப் பல்லால் கவ்வி, இடது கையால் அள்ளிப் போடும் பழக்கம் அதற்குள் அவளுக்குக் கைவந்திருந்தது. சொன்னேன். பையை வாயிலிருந்து எடுத்தாள்.

"அப்ப என் கைக்கு?"

"இல்லக்கா. இனிமே நடக்கிறதுக்குத்தான்."

அவள் அந்தப் பையைத் தராசிலிருந்து இறக்கி வைத்தாள். பின்னால் நின்ற சுந்தரம் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மல்லிகா என் பக்கம் திரும்பினாள்.

"சரி, எழுதிக்கோங்க. இன்னொரு கை இருக்குல்ல."

அன்றைக்கே பதிந்துகொண்டாள். பேனாவை இடது கையில் பிடித்து, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். அது மட்டுமல்ல. அடுத்த மாதம் கோயில் மண்டபத்தில் சிறு வியாபாரிகளுக்கு விளக்கக் கூட்டம் வைத்தோம். யாரும் கூப்பிடாமலே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். நான் பேசி முடித்ததும் ஒருவர் எழுந்தார். "குடும்பமாச் சேந்து செய்யிற கடை மேடம். பொண்டாட்டிக்குப் போயி சந்தா கட்டுறதா? எதுக்கு லா இதெல்லாம்?" என்றார். பலர் தலையாட்டினார்கள்.

மல்லிகா எழுந்து அவர் பக்கம் திரும்பினாள்.

"உங்க கடைக்கு இன்சூரன்ஸ் இருக்காண்ணே?"

"இருக்கு."

"லோரிக்கு?"

"அது இல்லாம ரோட்ல ஓட்ட முடியுமா?"

"சரக்குக்கு?"

"அதுக்கும் இருக்கு."

"பொண்டாட்டிக்கு?"

மண்டபமே சிரித்தது. அவர் மனைவிதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். மல்லிகா சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பை விலக்கினாள். அன்று அவள் செயற்கைக் கையை மாட்டாமல் வந்திருந்தாள். சிரிப்பு தானாக நின்றது. கூட்டம் முடிந்ததும் எங்கள் மேசைக்கு முன்னால் நின்றவர்களில் அந்த மனிதரும் இருந்தார்.

அதற்குப் பிறகு நான் போன இடத்துக்கெல்லாம் அவளும் வந்தாள். மில்லைச் சுந்தரம் அண்ணன் பார்த்துக்கொள்வார். நான் ராவாங் கிளைக்கு மாறியபோது, "பஸ்ஸு இருக்குல்ல" என்று அங்கேயும் வந்தாள். ஹரி ராயா பெருநாளுக்கு சுங்கை புரோங் போனபோது இதையெல்லாம் என்சிக் ரோஸ்லானிடம் சொன்னேன். வயல் வேலையில் கறுத்துப் போயிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "அவளுக்கு நாம் கொடுக்க முடியவில்லை. அவள் எவ்வளவு கொடுக்கிறாள் பார்" என்றார். பிறகு என் தட்டில் இன்னும் கொஞ்சம் ரெண்டாங் இறைச்சி வைத்தார்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு கோரிக்கை வந்தது. கலும்பாங்கில் டயர் கடை வைத்திருக்கும் குணா என்பவரின் மனைவி செல்வி. கடைக்குச் சாமான் வாங்க மோட்டார் சைக்கிளில் ராவாங் வந்தபோது கார் மோதிவிட்டது. வலது கால் நொறுங்கிப் போயிருந்தது. விசாரிக்கப் போனேன்.

"செல்வி உங்களுக்கு என்ன வேணும் தம்பி?"

"வொய்ஃப் அக்கா" என்றார் குணா. இந்த முறை என் பேனா நிற்கவில்லை.

எப்போது பதிந்தீர்கள் என்று கேட்டேன். ராவாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாராம். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அம்மா, கணவன் மனைவி இரண்டு பேரும் கடையில் வேலை செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் விடவே இல்லையாம். "இலைய மடிக்கிறதுக்குள்ள போன்ல பதிய வச்சிட்டுத்தான் எந்திரிக்க விட்டாங்க. அப்ப எரிச்சலா இருந்துச்சு. அவங்க பேரு கூடத் தெரியாதுக்கா. ஒரு கை செயற்கைக் கை" என்றார்.

செல்விக்கு விடுப்புக் காலம் முழுவதும் உதவித்தொகை கிடைத்தது. மருத்துவச் செலவும் எங்கள் பொறுப்பு. நடைப் பயிற்சிக்கும் ஏற்பாடானது. அன்று சாயங்காலம் மல்லிகாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"கூட யாரு இருக்கா?"

"வீட்டுக்காரரு கடைக்குப் போயிடுறாரு. பகல்ல தனியாத்தான் இருக்காங்க."

"பகல்லதான் அழுகை வரும். நான் போயி பாக்கணும். வழி சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை நானே அவளைக் காரில் கலும்பாங்குக்குக் கூட்டிப்போனேன். இரண்டு பஸ் மாறி, ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு ராவாங்கில் வந்து இறங்கியிருந்தாள். செல்வி காலை நீட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. மல்லிகா பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். ஒரு பழத்தை எடுத்து முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, கட்டை விரலால் தோலை உரிக்கத் தொடங்கினாள். உதவலாம் என்று நான் கையை நீட்டினேன். தட்டிவிட்டாள்.

"பணமெல்லாம் ஒழுங்கா வருதாம்மா?" என்று செல்வியிடம் கேட்டாள்.

"வருதுக்கா. போன மாசம்கூட வந்துச்சு."

"நல்லது" என்றாள் மல்லிகா. ஒரு சுளையைப் பிய்த்து, கொட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, செல்வியின் கையில் வைத்தாள்.